கல்லூரியும் குடிமைக் கல்வியும்: தென்னார்க்காட்டு வரலாற்றில் ஒரு நோக்கு

2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் அடுத்தடுத்து மாண்டனர். அப்பகுதியிலும் சுற்றுப்புறங்களிலுமாக இறந்தோர் தொகை 65-ஐக் கடந்தது. அவர்களுள் பெரும்பாலோர் அன்றாடக் கூலியில் வாழ்ந்தவர்கள். சாராயம் காட்டுக்குள் மறைத்து விற்கப்படவில்லை. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அண்மையிலேயே அது நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. குற்றவாளிகள் யார் என்பதை நீதிமன்றம் ஆராயட்டும். நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது வேறொரு வினா. தெருவார் அனைவரும் அறிந்த ஒரு தீங்கை அதிகாரிகள் முன் வைத்து, விடை வரும்வரை விடாது கேட்கும் பழக்கம் ஒரு நகரில் எவ்வாறு உண்டாகிறது? படித்த இளைஞருக்கு அப்பழக்கத்தை நம் கல்லூரிகள் எப்போதாவது கற்பித்தனவா?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் 19-ஆம் நூற்றாண்டின் சென்னைக்குச் செல்லவேண்டும். 1862-இல் சென்னைக்கு வந்த வில்லியம் மில்லர், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை உருவாக்கியதோடு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும், அதற்கு முன் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். மாணவர் சங்கங்களையும் விடுதி வாழ்க்கையையும் அவர் கல்வியின் உறுப்புகளாகவே கருதினார். சொற்போரில் எதிராளியின் கூற்றைப் பொறுமையோடு கேட்பதும், சங்கத்தின் கணக்கை உறுப்பினர் முன் வைப்பதும் பாடநூல் தராத பயிற்சிகள். 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்குப் பெயர்ந்தபின் அதன் விடுதிகளில் மாணவரே தம் நிருவாகிகளைத் தேர்ந்தெடுத்து உணவுக்கூடத்தையும் நடத்திய மரபு இதன் தொடர்ச்சியாகும். ஒரு மாதத்து அரிசிக் கணக்கைத் தன் நண்பர்கள் முன் நின்று ஒப்புவித்த மாணவன், மக்களாட்சியைப் பற்றி அறிந்துகொள்வது சிறிதன்று.

ஆனால் மில்லரின் திட்டத்தில் ஒரு குறையும் இருந்தது. மேற்சாதியாரிடையே ஊன்றப்படும் கல்வி காலப்போக்கில் கீழே பரவும் என அவர் நம்பினார். அது பரவுமுன்னரே நூற்றாண்டு ஒன்று கழிந்துவிட்டது. மிஷனெரிகளுள்ளேயே இதைக் கண்டித்தோர் உண்டு. சேரி மக்களிடையே ஊழியம் செய்தவர்கள் கல்லூரிக்குச் செலவாகும் பணத்தைச் சற்றுக் கசப்போடுதான் நோக்கினர். அவர்கள் கசப்பு முற்றிலும் நியாயமற்றது என்று நாம் கருதவில்லை. விடுதிக்குள் மக்களாட்சி தழைத்தது. மதிலுக்கு வெளியே இருந்த பேட்டைவாசியோடு அதே மாணவன் ஒரு கூட்டத்தில் சரிசமமாக அமர்ந்ததில்லை.

இனித் தென்னார்க்காட்டுக்கு வருவோம். கள்ளக்குறிச்சி 1993 வரை அம்மாவட்டத்தைச் சார்ந்தே இருந்தது. 2019-இல்தான் தனி மாவட்டமாயிற்று. 1929-இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமே இவ்வட்டாரத்தின் பல்கலைக்கழகம். நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்குப் பயின்றவர்கள். மில்லரின் கல்லூரியில் சங்கமாக இருந்தது, இங்கே இயக்கமாக மாறியது. 1965 ஜனவரி 27-ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் சென்ற இப்பல்கலைக்கழக மாணவர்மீது காவலர் சுட்டதில் இராசேந்திரன் என்னும் மாணவர் உயிர் துறந்தார். ஈராண்டு கழித்து, 1967 தேர்தலில், அக்கிளர்ச்சியின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்குகளில் தோற்கடித்தார். அன்று வாக்குரிமைக்கு 21 வயது நிறைந்திருக்கவேண்டும். எனவே 1965-இல் தெருவில் நின்று அடிபட்ட இளம் மாணவர் பலர், தாம் உண்டாக்கிய மாற்றத்துக்குத் தாமே வாக்களிக்க இயலாதவராயிருந்தனர்! அவ்வயது 18 ஆகக் குறைந்தது 1989-இல்தான்.

இவ்வெழுச்சியைக் குறைத்து மதிப்பிடுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. அஞ்சி வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு, ஆட்சியை எதிர்த்து நிற்கலாம் என்பதை அது கற்பித்தது. எனினும் அதன் எல்லையும் விரைவில் புலப்பட்டது. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, சிதம்பரத்துக்குத் தெற்கே கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளரின் குடும்பத்தார் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலாயினர். கிறிஸ்து பிறந்த நாளின் இரவு அது என்பதை நம் சபைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. அதற்காகத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் 1965-இல் எழுந்ததுபோல் எழவில்லை. மொழிக்காக உயிரையும் தரத் துணிந்த மாணவனுக்கு, பக்கத்து ஊரின் கூலிப் பூசல் தன் அரசியல் என்று தோன்றவில்லை. 1971-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் முதலமைச்சர் கருணாநிதிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்ததை எதிர்த்த போராட்டத்தையொட்டி உதயகுமார் என்னும் மாணவர் இறந்தார். மாணவர் தோள்மீது ஏறி வந்தவர்கள் ஆட்சியில் அமர்ந்தபின், மாணவர் அரசியல் அவர்களுக்கும் தலைவலியாயிற்று.

இச்சூழலில், 1969 செப்டம்பர் 24-ஆம் நாள், காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு தொடங்கியது. மாணவரின் வேகத்தை ஆக்கப்பணிக்குத் திருப்பவேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஈராண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் முகாம் என்பன அதன் வழக்கமான அளவுகள். தூர்ந்த குளத்தை வெட்டி, பாதை போட்டு, மரம் நட்ட மாணவர் பலர் முதன்முறையாக ஒரு சிற்றூரில் இரவு தங்கினர். அதன் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் முகாமில் மாணவன் கொடுப்பவன், ஊரார் பெறுபவர். குளம் ஏன் தூர்ந்தது, அதற்கு ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று, அதைக் கேட்கவேண்டிய மன்றம் எது என்னும் வினாக்கள் முகாமின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறுவது அரிது. நம் சபைகளின் கிராம ஊழிய வாரங்களிலும் இதே குறை உண்டு.

கல்வராயன் மலையை நோக்கினால் இக்குறையின் ஆழம் விளங்கும். மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழும் அம்மலை, நாடு விடுதலை பெற்றபின்னும் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. 1976-இல்தான் அரசு அதைத் தன் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. ஆண்டு நெருக்கடி நிலைக்குரியது! நாடெங்கும் உரிமைகள் முடக்கப்பட்ட காலத்தில் இம்மக்கள் குடிமக்களாயினர். சமவெளிக் கல்லூரிகளின் முழக்கங்களுள் இம்மலையின் பெயர் கேட்கப்பட்டதாகத் தெரியவில்லை. 2024 சாராயச் சாவுகளுக்குப்பின் உயர்நீதிமன்றம் தானாகவே ஒரு வழக்கை எடுத்து, மலையில் சாலையும் மருத்துவமும் பள்ளியும் எந்நிலையில் உள்ளன என்று கேட்கவேண்டியதாயிற்று. அரை நூற்றாண்டாகப் பட்டம் பெற்று வெளிவந்த இளைஞர் கேட்டிருக்கக்கூடிய கேள்விகள் அவை.

கேட்கும் வழி தெரியாதவிடத்துச் சினம் வேறு வழி தேடும். 2022 ஜூலை 17-ஆம் நாள், சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில், பள்ளி மாணவி ஒருத்தியின் சாவுக்கு நீதி கோரி இளைஞர் பெருந்திரளாகக் கூடினர். கைப்பேசிச் செய்திகளே அவர்களை அழைத்து வந்தன. மாலைக்குள் பள்ளி சூறையாடப்பட்டு, பேருந்துகள் எரிந்துகிடந்தன. பிற மாணவரின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. நீதி கேட்கவந்தோர் பலர் தாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்ந்தது. இவ்விளைஞரைக் காலிகள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. கூடுவதற்கு அவர்களுக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. கூடியபின் மனு எழுதவும், பேச்சாளரைத் தெரிந்தெடுக்கவும், கலையாமல் அமர்ந்து விடை கேட்கவும் அவர்களுக்கு யார் பயிற்சி தந்தார்கள்?

இதற்கான கருவிகள் இல்லாமலில்லை. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் கிராம சபையைத் தந்தது; ஆண்டுக்கு நான்கு முறை கூடிய அச்சபை 2022 முதல் ஆறு முறை கூடவேண்டும் என்றாயிற்று. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 2006-இன் வன உரிமைச் சட்டம் மலைமக்களின் கிராம சபைக்கே நிலவுரிமைக் கோரிக்கையை முதலில் ஆராயும் அதிகாரத்தை அளித்தது. நகரங்களில் பகுதி சபை 2022-இல் தொடங்கியது. கருணாபுரம் போன்ற நகர்ப்புறத் தெருக்களுக்குரிய மன்றம் அது. கிராம சபைக்கே ஆள் சேராத நாட்டில், இப்பகுதி சபையின் பெயரைக்கூட அறியாத பட்டதாரிகள் எத்தனை பேர்!

2021 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கலைக்கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துள்ளன. இராசேந்திரனின் சிலை நிற்கும் அதே பல்கலைக்கழகம் அது. கருணாபுரத்துப் பிள்ளைகளும் மலையிலிருந்து இறங்கிவரும் பிள்ளைகளும் இனி அதன் பட்டத்தையே பெறுவார்கள். முகாமுக்கு அழைத்துச் செல்லப்படும்போது, போகும் ஊர் அவர்கள் சொந்த ஊராகவே இருக்கக்கூடும்.