சாணப் பூஞ்சைகளின் ஆராய்ச்சி: கிண்டியும் தாம்பரமும்

பசுவின் சாணம் வாசல் தெளிப்பதற்கும் வரட்டி தட்டுவதற்கும் எருக்குழிக்கும் உரியதென்று கொண்டு, விழுந்த சில நாழிகைக்குள்ளேயே அதை அள்ளி அப்புறப்படுத்திவிடும் வழக்கமுள்ள ஒரு நாட்டில், அதை இரண்டு வாரம் மூடிவைத்து அதன்மேல் என்ன முளைக்கிறதென்று பார்க்கும் சாஸ்திரம் தானாகவே தோன்றியிராததில் வியப்பில்லை. ஆயினும் அந்தச் சாஸ்திரம் இங்கு வந்து சேர்ந்தது. கல்லூரிகளின் ஆய்வுக்கூடங்களில் ஒரு காலத்தில் நன்றாகவே தழைத்தது. அது வீட்டுத் திண்ணைக்கு மட்டும் ஏன் இறங்கி வரவில்லை என்பதே, சென்னையின் தென்புறத்தை முன்னிட்டு இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

மேயும் விலங்கு புல்லோடு சேர்த்து விழுங்கும் வித்துகள் குடலின் வெப்பத்தையும் ரசங்களையும் கடந்து வெளிவந்து, சாணத்திலேயே முளைத்து, அங்கிருந்து மறுபடியும் புல்லின்மேல் போய்ச் சேரவேண்டும் என்பது இப்பூஞ்சைகளுக்கு விதிக்கப்பட்ட சக்கரம். விலங்கு தன் சாணத்துக்கு அருகிலுள்ள புல்லை மேய்வதில்லையாதலால், வித்தைத் தூர எறியும் சாமர்த்தியம் இவற்றுக்கு இன்றியமையாதது. ஜெர்மானியராகிய டோடே 1784-இல் பைலோபோலஸ் என்று பெயரிட்ட பூஞ்சை இவ்வித்தையில் கைதேர்ந்தது. 1876-இல் டென்மார்க்கின் சாணப் பூஞ்சைகளைத் தொகுத்த ஹான்சன், 1901-லும் 1902-லும் இங்கிலாந்தில் எழுதிய மாஸீ, சால்மன் ஆகியோர் கையாண்டதெல்லாம் பெரும்பாலும் ஒரே முறைதான்: மணிக்கண்ணாடியின் கீழ் ஈரத்தாளின்மேல் சாணத்தை வைத்து, நாள்தோறும் பார்த்துவருவது. இன்றைக்கும் அம்முறையில் மாறியது மிகச் சொற்பம்.

இந்தியாவில் பட்லரும் பிஸ்பியும் 1931-இல் வெளியிட்ட இந்தியப் பூஞ்சைகளின் பட்டியலை அடுத்து, மாஜு என்பவர் 1933-லும் ஜினாய் என்பவர் 1936-லும் இந்தியத் தாவரவியல் கழகத்தின் இதழில் சாணப் பூஞ்சைகளைப் பற்றிக் கட்டுரைகள் பிரசுரித்தனர். அவை பெயரும் வர்ணனையும் கொண்ட தொடக்க முயற்சிகள். அவற்றில் அதிக நேரம் நிற்க வேண்டியதில்லை.

சென்னையின் கதை வேறு வழியில் தொடங்குகிறது. டி. எஸ். சதாசிவன் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தில் காரெட்டின் கீழ்ப் பயின்றபோது, மண்ணில் புதைத்த கோதுமைத் தாளை எந்தெந்தப் பூஞ்சைகள் எந்தெந்த வரிசையில் வந்து சிதைக்கின்றன என்பதை ஆராய்ந்து 1939-இல் கட்டுரை எழுதினார். 1944-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநரான பின்னர், பருத்தி வாடல் நோயையும் மண்வாழ் பூஞ்சைகளையும் மையமாக வைத்து ஒரு பெரிய சிஷ்ய பரம்பரையையே அவர் உருவாக்கினார். ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூஞ்சைகள் தோன்றும் கிரமத்தைக் காண்பதற்குச் சாணத்தைக் காட்டிலும் வசதியான பொருள் வேறில்லை. வரிசையே தம் ஆராய்ச்சியின் கருவாக இருந்த ஒருவரது கூடத்தில் வேரும் மண்ணும் முன்னிடம் பெற்றுச் சாணம் பின்தங்கியதற்கு, பயிர்நோய் ஆராய்ச்சிக்கே அக்காலத்தில் பணமும் மதிப்பும் இருந்தன என்பதையே காரணமாகக் கருதுகிறேன்.

அவருடைய மாணாக்கராகிய சி. வி. சுப்பிரமணியன்தான் சாணத்தைக் கையிலெடுத்தார். அதுவும் சென்னையில் அன்று. 1960-களின் தொடக்கத்தில் ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த காலத்தில், பி. சி. லோதாவுடன் சேர்ந்து சாணத்தில் வளரும் நான்கு புதிய ஹைபோமைசீட் (வித்துகளை இழைகளின்மேல் வெளிப்படையாகவே தாங்கும்) பூஞ்சைகளை 1964-இல் ஐரோப்பிய இதழொன்றில் வெளியிட்டார். அங்குலிமயா என்ற பேரினம் அக்கட்டுரையில் பிறந்ததே. தம் ஆசிரியர் பெயரால் சதாசிவானியா என்றும், பாசியியல் மேதை எம். ஓ. பி. ஐயங்கார் பெயரால் ஐயங்காரினா என்றும் பேரினங்களை அமைத்தவர் சுப்பிரமணியன். லோதா அதே ஆண்டில் கீட்டோமியம் இனங்களிலிருந்து சாணப் பூஞ்சைகளைப் பற்றிய தம் கட்டுரைத் தொடரை ஆரம்பித்தார். பின்பு 1974-இல் இலைக்குப்பை சிதைவதைப் பற்றிய ஆங்கிலத் தொகுப்பு நூலில், ஜீரணமான குப்பையாகிய சாணம் சிதைவதைப் பற்றி எழுதும் பொறுப்பு அவருக்கே கிடைத்தது.

1964 இன்னொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. சாணத்தின்மேல் முதலில் மியூக்கர் முதலிய பூசணங்களும், பின்னர்ப் பைலோபோலஸும், அதன்பின் அஸ்கோபோலஸ் போன்ற கிண்ணப் பூஞ்சைகளும், சோர்டேரியா, போடோஸ்போரா போன்ற கருங்குடுவைப் பூஞ்சைகளும், கடைசியாகக் குடைக்காளானாகிய காப்ரைனஸும் தோன்றுவதற்கு, சர்க்கரை தீர்ந்தபின் செல்லுலோஸ், அதுவும் குறைந்தபின் லிக்னின் என்று உணவு மாறிவருவதே காரணம் என்று அதுவரை நம்பப்பட்டது. அவ்வாண்டில் ஹார்ப்பரும் வெப்ஸ்டரும் இவற்றைத் தனித்தனியே வளர்த்துப் பார்த்து, ஒவ்வொன்றும் வித்துறுப்பை உண்டாக்க எடுத்துக்கொள்ளும் குறைந்தபட்சக் காலமே வரிசையைப் பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்று காட்டினர். எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே புறப்படுகின்றன. சீக்கிரம் பழுப்பது முதலில் கண்ணில் படுகிறது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றிக் கிடைத்த இம்முடிவு, சென்னையிலேயே கிடைத்திருக்கலாகாதா என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சுப்பிரமணியன் சென்னைக்குத் திரும்பி, தாவரவியல் உயராய்வு மையத்தை நடத்தி, இந்திய ஹைபோமைசீட் பூஞ்சைகளைப் பற்றிய பெருநூலை 1971-இல் வெளியிட்டார். 1973-இல் இந்தியப் பூஞ்சையியல் கழகமும் அதன் இதழாகிய ‘கவக’வும் அம்மையத்திலிருந்தே தோன்றின. இன்று அம்மையம் இருக்கும் கிண்டி வளாகத்திற்கு அருகிலேயே, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காட்டில் புள்ளிமானும் வெளிமானும் மேய்கின்றன. இவ்வளவு பூர்த்தியான ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. ஆராய்ச்சி என்பது பட்டத்திற்காக மாணாக்கன் ஐந்தாறு ஆண்டு செய்வது. பட்டம் கிடைத்ததும் வேலைக்குப் போய்விடுவான். ஆய்வேடு நூலகத்தில் தங்கிவிடும். ஈரத்தாளை நனைக்க ஆள் இராது.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. இந்தியப் பூஞ்சைகள் பலவற்றுக்கு முதன்முதலில் பெயர் சூட்டிய பெர்க்லி ஒரு பாதிரியார். 1865-இல் லண்டனில் தொடங்கிய குவெக்கெட் நுண்ணோக்கிச் சங்கம், தொழிலால் விஞ்ஞானிகளல்லாத பலரை ஓரிடத்தில் கூட்டியது. ரிச்சர்ட்சன், வாட்லிங் இருவரும் 1960-களின் இறுதியில் சாணப் பூஞ்சைகளை இனங்காணும் வழிகாட்டியைத் தொகுத்தபோது அது தக்க கைகளைச் சென்றடைந்ததற்கும், பின்பு திருத்திப் புதுப்பிக்கப்பட்டதற்கும் அந்தப் பழைய அமெச்சூர் பழக்கமே அடிப்படை.

தாம்பரத்திற்கு அப்பழக்கம் முற்றிலும் அந்நியமன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு வந்தபோது, அங்கே மரம் நடுவதிலும் செடிகளை அறிவதிலும் முன்நின்ற எட்வர்ட் பார்ன்ஸ் ரசாயனப் பேராசிரியர். மாயூரநாதன் 1929-இல் வெளியிட்ட சென்னை நகர்ப் பூக்குந் தாவரங்களின் நூலுக்கு 1938-இல் அனுபந்தம் எழுதியவரும் அவரே. 1941-இல் அவர் மறைந்தபின் செரோப்பீஜியா இனமொன்றுக்கு அவர் பெயரிட்டுக் கௌரவித்தனர். தொழிலொன்று, பற்று வேறொன்று என்றிருந்த அம்மனிதர் பூக்களை விடுத்துப் பூஞ்சைகளின்பால் திரும்பியிருந்தால், புள்ளிமான்கள் உலவும் அப்புதர்க்காட்டின் சாண வரலாறு இன்று வேறாக இருந்திருக்கும்.

செய்முறையைச் சிறிது விவரிக்கலாம். மழைக்காலத்தில் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கத் தெருக்களில் கிடக்கும் மாட்டுச் சாணத்தில் ஒருபிடி எடுத்து, ஈரமான டிஷ்யூ தாள் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மூடியைச் சற்றுத் தளர்த்தி, ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் படும்படி ஜன்னலோரம் வைத்தால் போதும். ஈரம் மிகுந்தால் நூற்புழுக்கள் பல்கிவிடும். குறைந்தால் சித்திரை, வைகாசி வெப்பத்தில் சாணம் ஓரிரு நாளில் சருகாகிவிடும். சில நாளில் பைலோபோலஸ் எழும்: அரை முதல் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள கண்ணாடி போன்ற காம்பு, அதன் தலையில் பன்னீர்ச் செம்பின் வயிறுபோல உப்பிய நீர்க்குமிழ், அதன் உச்சியில் கறுப்பு வித்துத்தொப்பி. அக்குமிழ் ஒளியைக் குவிக்கும் வில்லையாகவும் தொழில் செய்து, அதன் அடியிலுள்ள மஞ்சள் வளையத்தின் உதவியால் காம்பை ஒளியின் பக்கம் திருப்பிவிடுகிறது என்பதைப் பூஞ்சையியலாளர் புல்லர் 1934-இல் வெளிவந்த தம் கிரந்தத்தில் விளக்கினார். காலை வெளிச்சத்தில் குமிழ் வெடித்துத் தொப்பி பறந்துபோய் மூடியின் உட்புறத்தில் கரும்புள்ளியாக ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் பக்கமே புள்ளிகள் செறிந்திருக்கும்.

2008-இல் அதிவேகக் காமிராவினால் இப்பூஞ்சையையும் வேறு சில சாணப் பூஞ்சைகளையும் படம்பிடித்தவர்கள், வித்துகள் விநாடிக்கு 2 முதல் 25 மீட்டர் வேகத்தில் புறப்பட்டு 2.5 மீட்டர் தூரம் வரை செல்வதாகக் கணித்தனர். மாட்டு வைத்தியர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. சாணத்திலுள்ள நுரையீரல் புழுவின் குஞ்சுகள் இக்காம்பின்மேல் ஏறி, தொப்பியோடு சேர்ந்து மேய்ச்சல் புல்லுக்குப் போய்விடுகின்றன என்று ராபின்சன் 1962-இல் எழுதினார்.

மற்றவற்றுக்கு நுண்ணோக்கி வேண்டும். லாக்டோஃபீனால் காட்டன் புளூ ஒரு சொட்டில் வைத்து நசுக்கினால், அஸ்கோபோலஸின் வித்துகள் கத்தரிப்பூ நிறமாகவும், சாக்கோபோலஸின் எட்டு வித்துகள் ஒரே மூட்டையாகப் பிணைந்தும், ஸ்போரோர்மியெல்லாவின் வித்துகள் அறை அறையாகக் கழன்றும் தெரியும். மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிவித்த மடிப்புத்தாள் நுண்ணோக்கியாகிய ஃபோல்ட்ஸ்கோப், மத்திய அரசின் உயிரித்தொழில்நுட்பத் துறை 2015-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாக நம் பள்ளிகளிலும் நுழைந்துவிட்டது. பரவலாக விற்கும் அதன் 140 மடங்குப் பெருக்கம் சாக்கோபோலஸின் மூட்டையைக் காட்டப் போதும். போடோஸ்போராவின் வித்து முனையிலுள்ள கூழ்வாலைக் காண்பதற்கோ இந்தியன் இங்க்கில் மிதக்கவிட்டு உயர்பெருக்கத்தில் பார்க்க வேண்டும். அந்த வால் தெரியாமல் இனத்தைத் தீர்மானித்தல் துணிச்சலேயன்றி ஆராய்ச்சியாகாது. ஆகவே தாள் நுண்ணோக்கி வந்ததனால் மட்டும் அமெச்சூர் மரபு பிறந்துவிடும் என்ற அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. வழிகாட்டிகள் ஆங்கிலத்திலும், இத்தாலியில் தொவேரி 2004-இல் வெளியிட்டதைப் போன்ற கனத்த நூல்களிலும் இருக்கின்றன. அவற்றிலுள்ள கால அட்டவணைகள் குளிர்நாட்டு அறைகளுக்கு எழுதப்பட்டவை. முப்பது பாகை வெப்பமுள்ள ஒரு குரோம்பேட்டை அறையில் எந்தப் பூஞ்சை எத்தனையாவது நாளில் வரும் என்ற அட்டவணையை இங்குள்ளோரே எழுதியாக வேண்டும். அதற்கு வேண்டியது பட்டமன்று, டப்பாவைத் தினந்தோறும் திறந்து பார்த்துத் தேதியிட்டு எழுதிவைக்கும் ஒருவர்.

மான் புழுக்கைகள் சிறியனவாயும் நாற்றம் குறைந்தனவாயும் இருப்பதால் இவ்வேலைக்கு மிகவும் உகந்தவை. ஆனால் கிண்டிப் பூங்காவிலிருந்து வனத்துறையின் அனுமதியின்றி எதையும் எடுக்கலாகாது. கல்லூரிக் காட்டிற்கும் நிர்வாகத்தைக் கேட்டாக வேண்டும். தெரு மாட்டுக்கு அத்தடையில்லை. அதன் சாணத்தில் வைக்கோலோடு காகிதமும் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கலாம். மாடு எதைத் தின்றது என்பதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது நல்லது.