பழனிவெற்பும் பிள்ளைப்பேற்று மங்கலமும்

பிறவி அறுதல் வேண்டுமென்று நாடோறும் இறைவனை இரப்போர் சைவர். அவர்தம் மனையில் ஒரு மகவு தோன்றியவழிச் சுற்றத்தார் கூடிக் கற்கண்டு வழங்குதலும், தொட்டில் கட்டுதலும், முடியிறக்க நேர்ந்துகொள்ளுதலும் எங்ஙனம் பொருந்தும் என்னும் ஐயம் சிலர்க்கு எழுதல் கூடும். பழனிமலையைச் சார்ந்து வழங்கும் பிள்ளைப்பேற்று மங்கலங்களின் வரலாற்றை நோக்கின் இவ்வையத்திற்கு விடை கிடைக்கும்.

மகப்பேற்றைக் கொண்டாடுதல் தமிழகத்திற் புதுவதன்று. புதல்வனைப் பயந்த தாய் நெய்யணிதலைத் தொல்காப்பியனார் கற்பியலிற் குறித்தார். 12ஆம் நூற்றாண்டினராகிய சேக்கிழார் பெருமான், சிறுத்தொண்ட நாயனார்க்குச் சீராளர் பிறந்த ஞான்று திருச்செங்காட்டங்குடி நெய்யாடல் விழா எடுத்ததனையும், பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டில் மயிர்வினை மங்கலம் நிகழ்ந்ததனையும், பின்னர் அவர் பள்ளியில் இருத்தப்பட்டதனையும் முறையே ஓதியருளினார். பழனியில் இன்று நிகழும் முடியிறக்கு இம்மயிர்வினையோடு ஓரினத்தது. வேறுபாடு ஒன்றே: சேக்கிழார் அதனை வளர்ச்சிப் பருவத்து மங்கலமாகக் கூறினார், பழனியிலோ அது முருகப்பெருமானுக்குச் செலுத்தும் காணிக்கையாயிற்று.

பிள்ளைக்கு ஓராண்டிலோ மூவாண்டிலோ பெற்றோர் உற்றாரொடு பழனிக்கு வருவர். தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்திப் பிறந்தமுடி களைவர். குளிப்பாட்டித் தலையிற் சந்தனம் அப்புவர். அம்மடியிலேயே காது குத்துவோரும் உளர். தாய்மாமன் சீர் இவ்வேளையில் வருவது. பிள்ளையின் அழுகையும் சுற்றத்தாரின் நகைப்பும் ஒருங்கே ஒலிக்கும். அதன்பின் படிவழியாகவோ இழுவை இரயிலிலோ மலையேறித் தண்டாயுதபாணியைத் தொழுது பஞ்சாமிர்தம் பெறுவர். முடியிறக்குதற்கு முன்னர் வாங்கப்பெற்ற கட்டணம் 2021இல் தமிழக அறநிலையத்துறைக் கோயில்களில் நீக்கப்பட்டது. ஏழை அன்பர்க்கு இது பெரிதும் உதவியது. ஒன்று ஈண்டுக் கூறத்தகும். ஓராண்டு நிரம்பாத மகவிற்குத் தேன் ஆகாதென்றும், முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றிப் பிறிதொன்றும் வேண்டாவென்றும் மருத்துவர் கூறுவர். ஆகலின் தேன் கலந்த பஞ்சாமிர்தத்தைக் கைக்குழந்தையின் நாவில் தடவுதலும், பிறந்தவுடன் சேனை வைத்தலும் விலக்கத்தக்கன. அவற்றை ஒழிப்பதனால் மங்கலம் குறைவுபடாது.

இவற்றினும் ஆழ்ந்து நோக்கற்பாலது, பிள்ளையை இறைவனுக்கே கொடுத்துத் தவிடு தந்து மீள வாங்கும் வழக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டிற் பிறந்த ஐந்து மகவுகளுள் ஏறக்குறைய ஒன்று ஓராண்டு நிரம்புமுன் மாய்ந்தது. முன்பிறந்த பிள்ளைகளை இழந்த தாய், அடுத்த மகவைத் தனதென்று கூறவும் அஞ்சினாள். கோயில் வாயிலிற் கிடத்தி, 'இது உன் பிள்ளை' என்று விட்டு, தவிட்டை விலையாகக் கொடுத்து எடுத்துக்கொண்டாள். பிச்சையென்றும் குப்பனென்றும் பெயரிட்டாள். கற்றோர் சிலர் இதனை அறியாமை என்று இகழ்வர். அங்ஙனம் இகழ்தல் தகாது. மகனைக் கேட்டவழி மறாது ஈந்து, இறைவன்பால் அவனை மீளப் பெற்றவர் சிறுத்தொண்டர். தவிட்டு வழக்கு அவ்வரலாற்றினின்று தோன்றிற்றென்று கூறச் சான்றில்லை. ஆயினும் பிள்ளை இறைவன் உடைமை என்னும் துணிபு இரண்டிற்கும் பொது.

சித்தாந்த நூல்களும் இதனையே வற்புறுத்தும். உயிர் அநாதி, பெற்றோர் அதனைப் படைத்தாரல்லர். தனு கரண புவன போகங்களை இறைவன் கூட்டுவது உயிரின் மலப்பிணி தீர்தற்பொருட்டு. மானுடப் பிறவி வாய்த்தல் கடலைக் கையால் நீந்திக் கடத்தல் போல அரியதென்பது சிவஞான சித்தியார் கருத்து. தில்லைக் கூத்தனின் எடுத்த பாதத்தைக் காணப்பெறின் மனிதப் பிறவியும் வேண்டத்தக்கதே என்றார் அப்பரடிகள். ஆகவே மனையகத்துக் கொண்டாடப்படுவது பிறவித் துன்பம் அன்று. அதனைக் கடத்தற்கு ஓர் உயிர்க்கு வாய்த்த கருவியே.

பெயரிடும் வழக்கிலும் இக்கருத்து விளங்கும். திங்களூர் அப்பூதியடிகள் தம் மக்கள் இருவர்க்கும் திருநாவுக்கரசென்றே பெயரிட்டார். பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகப்பேறின்றி வருந்தித் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்து, வந்த பதிகத்தின்படி திருவெண்காட்டு முக்குள நீராடிப் பெற்ற மகவிற்கு அத்தலத்து இறைவன் பெயரையே சுவேதவனப்பெருமாள் எனச் சூட்டினார் என்பது மரபு. அம்மகவே மெய்கண்டதேவர். பழனியப்பன், பழனிச்சாமி, பழனியாண்டி, பழனியம்மாள் என்னும் பெயர்களும் அவ்வழியினவே. தாய்தந்தையரைப் பிரிந்து ஆண்டியாய் நின்ற பெருமான் பெயரை, பிள்ளையைப் பிரிய மனமில்லாத தாய் இடுகின்றாள்!

பெயர் பெறுதல் குழவிப் பருவத்தோடு முடிவதும் அன்று. பழனிக்குத் தெற்கே, மலைமேல், கொடைக்கானலிற் குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் எடுப்பித்தவர், மேனாட்டிற் பிறந்து சைவந் தழுவி லீலாவதி எனப் பெயர்பெற்ற அம்மையார். ஈழத்துச் சேர் பொன். இராமநாதனாரின் துணைவியார். அங்கு நின்று நோக்குவார்க்கு வானம் தெளிந்த நாளிற் பழனி தோன்றும்.

அம்மலையிலேயே பூம்பாறை என்னும் ஊரும் உளது. திருப்புகழ் பெற்ற பதி. அருணகிரிநாதர் ஓரிரவு ஆங்குத் துயின்றாராக, அவரைக் கொல்ல ஓர் அரக்கி அணுகினாள் என்றும், முருகப்பெருமான் குழவியாய் அவர் மார்பிற் கிடப்பக் கண்டு, தாயும் சேயும் உறங்குவதாக எண்ணி அவள் அகன்றாள் என்றும் தலத்தார் கூறுவர். அதனால் அப்பெருமானுக்குக் குழந்தை வேலப்பர் என்பது திருநாமம். குழந்தைவேல் என்று பெயர் பூண்டோர் மலையடிவாரத்துச் சமவெளி ஊர்களிலும் பலர்.