லிக்னைட்டை 'இன்வென்ட்' பண்ணினது யாரு?

இன்டர்வியூவில் 'உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க' என்று கேட்டால், நெய்வேலி டவுன்ஷிப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால், 'ஜம்புலிங்க முதலியார் இன்வென்டட் லிக்னைட்' என்று ஆரம்பித்தீர்களோ, எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார்.

தப்பு உங்க மேல மட்டும் இல்லை. தமிழில் ரெண்டுக்குமே 'கண்டுபிடித்தார்'தானே! ஆங்கிலத்தில், ஏற்கெனவே இருப்பதைக் கண்டால் டிஸ்கவர்; இல்லாததை உருவாக்கினால் இன்வென்ட். 1930-களில் முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வெளிப்பட்ட நிலக்கரி, கோடிக்கணக்கான வருஷமா அங்கேயே கிடந்தது. அதனால் டிஸ்கவர்ட். அதை இன்றைக்கு வெட்டியெடுக்கிற ராட்சதச் சக்கர இயந்திரத்தை யாரோ யோசித்து உருவாக்கினார்கள். அது இன்வென்டட்.

அடுத்த குழப்பம் ரைஸ், ரெய்ஸ். இங்கே தமிழ் கைகொடுக்கும். ஸ்கூலில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கா? தானாக உயர்ந்தால் ரைஸ், இன்னொருவர் உயர்த்தினால் ரெய்ஸ். நெய்வேலியில் நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. சும்மா விட்டால் சுரங்கத்துக்குள் மேலேறி வரும்: வாட்டர் ரைசஸ். அதைத்தான் பம்புகள் ஓயாமல் மேலே இறைத்து வெளியேற்றுகின்றன: பம்ப்ஸ் ரெய்ஸ் வாட்டர். சந்தேகம் வந்தால் 'எதை?' என்று கேளுங்க. பதில் இருந்தால் ரெய்ஸ்.

இது வெறும் மார்க் விஷயமில்லை. நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளை அப்பாவுக்காக ஆங்கிலத்தில் மனு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ப்ளீஸ் ரெய்ஸ் தி காம்பன்சேஷன்' என்றால், உயர்த்த வேண்டியவர் அதிகாரி என்பது தெளிவு. 'மே தி காம்பன்சேஷன் ரைஸ்' என்று எழுதினால், அது கோரிக்கை இல்லை, பிரார்த்தனை!

லை, லே ஜோடிதான் பெரிய வில்லன். லிக்னைட் மண்ணுக்கடியில் கிடக்கிறது, அது லை. குழாயைப் பதிக்கிறார்கள், அது லே. வம்பு இறந்தகாலத்தில்: 'கிடந்தது' என்பதற்கும் லே, 'பதித்தார்கள்' என்றால் லெய்டு. 'தி லிக்னைட் லைடு' என்றால் நிலக்கரி பொய் சொன்னதாக ஆகிவிடும்.

புத்தகக் கண்காட்சியில் பணம் குறைந்தால் நண்பனிடம் 'கேன் யூ பாரோ மீ' என்று கேட்காதீங்க. கொடுக்கிறவர் லெண்ட், வாங்குகிறவர்தான் பாரோ. திருப்பிக் கொடுக்கிறது உங்க பாடு.