பாடியும் மறு ஆண்டும்: மருத்துவக் கல்லூரிக்கு இரண்டாம் விண்ணப்பம்

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காதவர் அடுத்த ஆண்டும் விண்ணப்பிப்பது தமிழ்நாட்டில் பல தலைமுறை கண்ட வழக்கம். ஆனால் மறுபடி வருபவர் எதைத் திருத்திக்கொண்டு வர வேண்டும் என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஒரு காலத்தில் நேர்காணல் பெரிதாக இருந்தது, பிறகு பிளஸ் டூ மதிப்பெண், அதன் பிறகு எதையும் திருத்த முடியாத சில ஆண்டுகள், இப்போது நாடு முழுவதற்குமான நீட் நுழைவுத் தேர்வு. விதி மாறும்போதெல்லாம், ஒரு வருடம் வீட்டிலிருந்து படிக்க யாரால் முடியும் என்பதும் சேர்ந்தே மாறியது. சென்னையின் மேற்கே சம்பளக்காரக் குடும்பங்கள் நிறைந்த பாடியிலிருந்து பார்த்தால் இந்த வரலாறு தெளிவாகத் தெரியும்.

1835-ல் தொடங்கிய சென்னை மருத்துவப் பள்ளி 1850-ல் மருத்துவக் கல்லூரி ஆனது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பட்டப்படிப்புக்குக் கீழே எல்.எம்.பி. என்ற இன்னொரு படியும் இருந்தது. கல்லூரியில் இடம் பெறாதவர் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து எல்.எம்.பி. டாக்டராக ஊரில் பலகை மாட்டிக்கொள்ளலாம்; பின்னாளில் சுருக்கப் படிப்பு ஒன்றை முடித்து எம்.பி.பி.எஸ். ஆகவும் வழி இருந்தது. ராயபுரத்துப் பள்ளி 1938-ல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. மற்ற பள்ளிகளும் கல்லூரிகளாக உயர்ந்தோ மூடப்பட்டோ போக, அந்த இரண்டாம் வாசல் சாத்தப்பட்டது. அதற்குப் பிறகு இடம் கிடைக்காதவர் முன் இரண்டே வழிகள்: மறுபடி அதே கதவைத் தட்டுவது, அல்லது வேறு படிப்புக்குப் போவது.

1950-ல் அன்றைய சென்னை மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளில் இருந்த இடங்கள் மொத்தம் 330. வகுப்புவாரி அரசாணைப்படி 14 இடங்களை ஓர் அலகாகக் கொண்டு பிரித்தார்கள்: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாது என்றது. செண்பகம் துரைராஜன் உண்மையில் விண்ணப்பம் போடவே இல்லை. தனக்கு இடம் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வழக்குத் தொடுத்தவர். தமிழகமெங்கும் எழுந்த கிளர்ச்சியைத் தொடர்ந்து அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இட ஒதுக்கீடு நிலைத்தது. அது இல்லாமல் பிற்காலத்துப் பாடியின் தொழிலாளர் வீடுகளில் டாக்டர்கள் உருவாகியிருப்பார்கள் என்று எண்ண இடமில்லை.

பாடி அதுவரை திருவலிதாயம் கோயிலைச் சுற்றியிருந்த சிற்றூர். சம்பந்தர் பாடிய தலம் அது. 1960-களில் அதன் முகம் மாறியது. வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸனர்ஸ் என்று வாகன உதிரி பாகத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தது. ஷிப்ட் வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் வந்தவர்கள் பாடியிலும் கொரட்டூரிலும் குடியேறினார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. அட்டை, பிள்ளைக்குப் படிப்பு: இவைதான் அந்த வீடுகளின் கணக்கு.

அதே காலத்தில் மருத்துவக் கல்லூரிகளும் பெருகின. 1960-ல் கீழ்ப்பாக்கம், 1965-ல் செங்கல்பட்டு. ஆனால் சேர்க்கை முறை தெளிவாக இல்லை. மாவட்டவாரியாக இடம் பிரித்ததை 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. பிறகு கல்லூரிகளை அலகுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அலகுக்கும் ஒரு தேர்வுக் குழு அமைத்தார்கள். நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண். ஓர் அலகில் இடம் கிடைக்காதவரைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர் இன்னோர் அலகில் சேர்ந்துவிட முடிந்தது. பெரியகருப்பன் வழக்கில் இந்த முறையும் விழுந்தது. நேர்காணலில் தோற்றவருக்கு எதைத் திருத்திக்கொள்வது என்றே தெரியாது. பேச்சிலும் உடையிலும் ஆங்கிலத்திலும் குழு எதைப் பார்த்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அந்த 75 மதிப்பெண் மிகப் பெரிய சுவர்.

1978-ல் பி.யு.சி. எனும் புகுமுக வகுப்பு போய் பிளஸ் டூ வந்தது. 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்படிப்பு நுழைவுத் தேர்வு தொடங்கியது. பிளஸ் டூ பாடங்களுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300-க்குக் கட்-ஆஃப். மறுமுயற்சி என்பது ஒழுங்கான வழக்கமாக உருப்பெற்றது இந்தக் காலத்தில்தான். அதன் பெயர் இம்ப்ரூவ்மென்ட். பிளஸ் டூ தேறியவர், மதிப்பெண் போதாத பாடங்களை மறு ஆண்டு திரும்ப எழுதலாம். கூடிய மதிப்பெண்ணும் கணக்கில் சேரும். நுழைவுத் தேர்வையும் மறுபடி எழுதலாம். பக்கத்து வீட்டில், “பையன் இம்ப்ரூவ்மென்ட் எழுதுறான்” என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை.

அந்த ஆண்டு எப்படிக் கழியும் என்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பள்ளிச் சீருடை இல்லை, கல்லூரி அடையாள அட்டையும் இல்லை. காலையில் இயற்பியல் டியூஷன், மாலையில் உயிரியல், நடுவில் பழைய வினாத்தாள் தொகுப்பு. இரவு ஷிப்ட் முடித்த தகப்பன் பகலில் உறங்கும் ஒற்றை அறை வீட்டில், சத்தம் போட்டுப் படிக்க முடியாத பிள்ளை கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து படிக்கும். வசதி உள்ளவர்கள் நாமக்கல், ராசிபுரம் பக்கம் விடுதியோடு கூடிய பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். இல்லாதவர்கள் பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்துகொண்டே மறுபடி எழுதினார்கள். எல்லோரும் துரத்தியது சில புள்ளிகளை. கட்-ஆஃப் அரைப் புள்ளியிலும் கால் புள்ளியிலும் முடிவானது.

இதில் ஒரு குறை இருந்தது. முதல் தடவை எழுதும் மாணவரும், ஒரு வருடம் கூடுதலாகப் படித்தவரும் ஒரே பட்டியலில் நின்றார்கள். 2005-ல் ஜெயலலிதா அரசு நுழைவுத் தேர்வையும் இம்ப்ரூவ்மென்ட் முறையையும் சேர்த்தே நீக்க முற்பட்டது. நுழைவுத் தேர்வு ரத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே நிராகரித்தது. 2006 தொடக்கத்தில் வந்த சட்டமும் நிற்கவில்லை. பின்னர் கருணாநிதி அரசு அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரையைப் பெற்று 2006 இறுதியில் கொண்டுவந்த சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு 2007-ல் நடைமுறைக்கு வந்தது. நுழைவுத் தேர்வு போயிற்று. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப்.

இம்ப்ரூவ்மென்ட் மதிப்பெண் செல்லாது என்றான பிறகு மறு ஆண்டு விண்ணப்பிப்பவர் கையில் பழைய மதிப்பெண் பட்டியல் மட்டுமே இருந்தது. கட்-ஆஃப் இறங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பலர் ஒரே மதிப்பெண்ணில் நின்றால் உயிரியல், வேதியியல் என்று பார்த்து, கடைசியில் விண்ணப்பத்துக்குக் கணினி ஒதுக்கிய ரேண்டம் எண்ணைப் பார்ப்பார்கள். மறுமுயற்சி இந்தக் காலத்தில்தான் மிகவும் சுருங்கியது. அரசுப் பள்ளி மாணவரும் கிராமத்து மாணவரும் முதல் வீச்சிலேயே உள்ளே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் நீட் தேர்வு 2013 மே மாதத்தில் நடந்தது; ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 ஏப்ரலில் அந்தத் தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டு மத்திய அரசின் அவசரச் சட்டத்தால் தமிழ்நாடு தப்பியது. 2017-லும் விலக்கு கிடைக்கும் என்று கடைசி வரை நம்பவைக்கப்பட்ட மாணவர்களுக்கு, ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று முடித்தது. பிளஸ் டூவில் 1,176 மதிப்பெண்ணும் 196.75 கட்-ஆஃபும் பெற்ற அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா, அந்த வழக்கில் தன் தரப்பைச் சொல்ல தில்லி வரை போனவர், செப்டம்பர் 1 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றியதன் பாரம் முழுவதும் பதினேழு வயதுப் பிள்ளைகள் மேல் இறங்கியது. அதற்கு எந்த அரசும் போதிய பதில் சொன்னதில்லை.

நீட் வந்த பிறகு மறு ஆண்டு என்பது விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகிவிட்டது. நீட்டின் தாக்கத்தை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் தந்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் மறுமுயற்சியாளர் 2016-17-ல் 12.47 விழுக்காடு, 2020-21-ல் 71.42 விழுக்காடு. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட கணக்கு இன்னும் கூர்மையானது: அவ்வாண்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,081 பேரில் பயிற்சி மையத்துக்குப் போகாதவர்கள் 48 பேர் மட்டுமே. இடம் கிடைக்க இரண்டு ஆண்டும் பயிற்சிக் கட்டணமும் வேண்டும் என்றால், பாடியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மகள் எத்தனை ஆண்டு காத்திருக்க முடியும்? நிரந்தர வேலை குறைந்து ஒப்பந்த வேலை பெருகிய காலமும் இதுதான்.

பாடியிலிருந்து திருமங்கலம் தாண்டினால் அண்ணா நகர். பயிற்சி மையங்களின் விளம்பரப் பலகைகள் அங்கே நெருக்கமாகத் தெரியும். லாங் டேர்ம், ரிப்பீட்டர் பேட்ச், கிராஷ் கோர்ஸ் என்று வகைகள். லாங் டேர்ம் என்பது ஒரு முழு ஆண்டு: என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரிக்கு வரி படிப்பது, வாரந்தோறும் மாதிரித் தேர்வு, ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பும் பழக்கம். 180 கேள்விகளுக்கு 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். பாதி மதிப்பெண் தாவரவியலும் விலங்கியலும். எதை எழுதாமல் விடுவது என்று பழகுவதற்கே பல மாதங்கள் பிடிக்கும். முதல் தடவை எழுதியவர் பெரும்பாலும் இழப்பது அங்கேதான். வியாழக்கிழமைகளில் திருவலிதாயத்துக் குரு சன்னிதியில் கூடும் கூட்டத்திலும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் உண்டு.

மறுமுயற்சிக்கு இன்று எண்ணிக்கை வரம்பு இல்லை. பொதுப் பிரிவுக்கு 25, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 என்றிருந்த வயது வரம்பையும் 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் நீக்கியது. தமிழ்நாட்டு அரசு 2020-ல் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மறு ஆண்டு எழுதுபவருக்கும் அது பொருந்தும். அவ்வாண்டு தேனி மாவட்டம் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் 664 மதிப்பெண் எடுத்தது தன் இரண்டாம் முயற்சியில்தான். அரசு உதவி பெறும் பள்ளிகள் இந்த ஒதுக்கீட்டில் வராது. அங்கே படிப்பவர்களும் பெரும்பாலும் அதே நிலையில் உள்ள வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களை வெளியே நிறுத்தியது நியாயமாகத் தெரியவில்லை.

பாடியைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேலப்பன்சாவடி, மாங்காடு, தண்டலம், போரூர் என்று பூவிருந்தவல்லி வட்டாரம் முழுவதும் தனியார் கல்லூரிகள். 2022 ஜனவரியில் திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தது. தனியார் கல்லூரிக் கட்டணம் கைக்கு எட்டாததால்தான் பிள்ளைகள் அரசு இடத்துக்காக மறு ஆண்டு காத்திருக்கிறார்கள். ஈ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளரின் பிள்ளைகளுக்கு கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரியில் தனி ஒதுக்கீடு உண்டு. தொழிற்பேட்டைக் குடும்பங்களில் பலர் இதை விண்ணப்பத் தேதி கடந்த பிறகே அறிகிறார்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர் நாடக்கூடிய அரும்பாக்கம் சித்த மருத்துவக் கல்லூரிக்கும் இப்போது நீட் வேண்டும்.

நீட் விலக்குக் கோரி 2021 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆகவே மறுமுயற்சி நீட் வழியாகவே தொடர்கிறது. பழைய பிளஸ் டூ மதிப்பெண் மறு ஆண்டும் செல்லுபடியானது; நீட் மதிப்பெண் அப்படி அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. மதிப்பெண்ணின் அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்: 2024-ல் பலர் முழு 720 எடுத்தார்கள். 2025-ல் நாட்டின் முதலிடமே 686. அதனால் கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழுவுக்கு மறு ஆண்டு விண்ணப்பிப்பவர், அந்த ஆண்டின் தரவரிசை, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, பள்ளிச் சான்று அத்தனையையும் புதிதாகவே தர வேண்டும்.