இட்டேரியில் ஒரு சைக்கிள்

பெரிய சாலைகளுக்குச் சரித்திரம் எழுத ஆள் உண்டு. எந்த ராஜா வெட்டினான், எந்தக் கலெக்டர் கப்பி போட்டார், எந்த வருஷம் தார் ஊற்றினார்கள் என்றெல்லாம் தேடினால் கிடைத்துவிடும். இட்டேரிக்கு அப்படி யாரும் இல்லை. தஞ்சாவூர் வாசகர்களுக்கும் சென்னை வாசகர்களுக்கும் இந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். கொங்கு நாட்டிலும், அதன் ஓரமான வேடசந்தூர்ப் பக்கத்திலும், இரு புறமும் உயிர்வேலி அடைத்து நடுவே விட்ட மண் தடத்துக்கு இட்டேரி என்று பெயர். ஒரு மாட்டு வண்டி தாராளமாகப் போகலாம். எதிரே இன்னொரு வண்டி வந்துவிட்டால், இரண்டு வண்டிக்காரர்களில் யாருக்குப் பெருந்தன்மை அதிகம் என்று தெரிந்துவிடும்.

சென்ற மார்கழியில் இந்த இட்டேரிகளில் இரண்டு நாள் சைக்கிளில் சுற்றினேன். கூட வந்த நண்பர் இளைஞர், பெங்களூரில் உத்தியோகம். அவருடைய வாகனத்துக்கு 'கிராவல் பைக்' என்று பெயராம். சரளைச் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டுக்கிடாயின் கொம்புபோல் வளைந்த ஹாண்டில்பார். ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய எடை. விலையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்கு வாய்த்ததோ வேடசந்தூரில் பஞ்சர் ஒட்டும் ஒரு புண்ணியவான் இரவல் கொடுத்த பழைய கறுப்புச் சைக்கிள். சீட்டின் அடியில் இரண்டு ஸ்பிரிங். பின்னால் பெரிய காரியர். முன்னால் டைனமோ லைட்டின் எலும்புக்கூடு.

அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் எம்போரியா என்று ஒரு சிற்றூர். அங்கே 2006-ல் சுமார் முப்பது பேர் கூடி, புல்வெளிகளுக்கு நடுவே சரளைப் பாதையில் 200 மைல் சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள். இன்று உலகமெங்குமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குப் போகிறார்கள். நண்பர் இதைச் சொல்லிவிட்டு, தார் ரோட்டுச் சைக்கிளைவிட இதற்கு டயர் அகலம், 40 மில்லிமீட்டர் என்று பெருமையாகக் காட்டினார். நான் குனிந்து என் டயரில் எழுதியிருந்ததைப் படித்தேன். 28-க்கு ஒன்றரை அங்குலம். கணக்குப் போட்டால் 38 மில்லிமீட்டர்! நம் பால்காரர்களும் தபால்காரர்களும் மூன்று தலைமுறையாக எதில் போனார்களோ, அதே அகலம்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் கறுப்புச் சைக்கிள் இங்கிலாந்தில் பிறந்தபோது அங்கேயும் தார் ரோடு அபூர்வம். டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தது 1888-ல். மண்ணிலும் கல்லிலும் போவதற்கென்றே நீளமான சட்டம், சாய்ந்த முன்கவை, அகலமான டயர் என்று சைக்கிளை அமைத்தார்கள். பிறகு நல்ல ரோடு வேண்டும் என்று முதன்முதல் கூக்குரலிட்டவர்களும் அங்கே சைக்கிள்காரர்களே. ரோடு வந்தது, பின்னோடு மோட்டார் வந்தது, சைக்கிள்காரன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான். அங்கே பழசாகிப்போன அந்த அமைப்பு நம் நாட்டு வண்டித் தடத்துக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. முதலில் கப்பலில் வந்தது. 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்ட பிறகு இங்கேயே செய்தார்கள்.

வேடசந்தூருக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்பதை ரயில் டைம்டேபிளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். திண்டுக்கல்லுக்கு 1875-லேயே ரயில் வந்துவிட்டது. வேடசந்தூர் ஊருக்குள் இன்றுவரை வரவில்லை. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்துக் கரூர்–திண்டுக்கல் ரயில் பாதை போட்டார்கள். அதுவும் ஊரை விட்டு விலகி, எரியோட்டுப் பக்கமாகப் போய்விட்டது. பஸ் பெரிய ரோட்டோடு சரி. பெரிய ரோட்டிலிருந்து நாலு மைல் உள்ளே இருப்பவனுக்குக் கால் அல்லது கட்டை வண்டி. அவன் வீட்டு வாசலுக்கு முதன்முதலில் வந்த யந்திரம் சைக்கிள். புகையிலைச் சிப்பத்தையும் பால் கேனையும் பிரசவத்துக்கு மருத்துவச்சியையும் அது இட்டேரி வழியே கொண்டுபோயிற்று. (புகையிலை இங்கே சாமானிய விஷயமல்ல. 1948-லேயே வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள்.)

சரித்திரப் புத்தகங்களில் இந்தச் சீமையின் பெயர் வருவதெல்லாம் திண்டுக்கல் கோட்டையை ஒட்டித்தான். 1755-ல் மைசூர் ராஜ்யம் ஹைதர் அலியைத் திண்டுக்கல் பௌஜ்தாராக நியமித்தது. 1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த பிரதேசங்களில் திண்டுக்கல்லும் சேர்ந்தது. படைகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், பீரங்கி இழுத்த மாடு எந்தப் புல்லைத் தின்றது என்று எழுதினார்களா? இட்டேரியின் கதை அந்தப் புல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

வேடசந்தூரிலிருந்து வடமேற்கே அரவக்குறிச்சி, மூலனூர், காங்கேயம் என்று போகப் போக, பூமி வறண்டு சரளையாகிறது. உழுது விதைத்து வானத்தைப் பார்த்து ஏமாறுவதைவிட, புல்லை வளர்த்து மாட்டை நம்புவது மேல் என்று அந்த நாட்டுக் குடியானவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான். நாலைந்து ஏக்கர் நிலத்தைச் சுற்றி முள்கிளுவைக் குச்சிகளை மழைக்காலத்தில் நட்டான். அவை வேர்விட்டுச் சுவர்போல் அடைத்துக்கொண்டன. உள்ளே கொழுக்கட்டைப் புல். அங்கங்கே குடைபோல் வெள்வேல மரங்கள். இதற்குக் கொறங்காடு என்று பெயர். காங்கேயம் காளையின் திமிலையும் நடையையும் பார்த்து நாம் அதிசயிக்கிறோமே, அந்தக் காளைக்குத் தாய்வீடு இதுதான். ஒரு கொறங்காட்டின் வேலிக்கும் அடுத்த கொறங்காட்டின் வேலிக்கும் நடுவே மிஞ்சிய சந்துதான் இட்டேரி. அதை யாரும் போடவில்லை, விட்டு வைத்தார்கள்.

முதல் நாள் பத்து மணி சுமாருக்கு வெள்வேல முள் என் பின்சக்கரத்தில் ஏறிற்று. நண்பருடைய டயருக்குள் ட்யூபே கிடையாதாம்; பால்போன்ற ஏதோ திரவம் ஓட்டையைத் தானே அடைத்துவிடுமாம். எனக்கு அந்தப் பாக்கியமில்லை. தள்ளிக்கொண்டு நடந்தோம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் இட்டேரி நன்றாகத் தெரிகிறது. கிளுவை வேலியில் கோவைக் கொடி படர்ந்திருந்தது. அடியில் ஓணான், கொஞ்ச தூரத்தில் கௌதாரிகள் இரண்டு, எங்களுக்கு வழிகாட்டுவதுபோல் முன்னால் ஓடின. வெளியே சுள்ளென்று வெயில். உள்ளே பாதி நிழல்.

ஒரு படலுக்குப் பின்னால் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார்.

"ஏனுங்க, பஞ்சருங்களா? உள்ளே வாங்க" என்றார்.

அவர் வீட்டுத் திண்ணையில் பம்பு, சொல்யூஷன், உப்புத்தாள் எல்லாம் இருந்தன. முள்ளுக் காட்டில் குடியிருப்பவர் அல்லவா? தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே பேசினார். மாட்டை அவிழ்த்துவிட்டால் மேய்க்க ஆள் வேண்டியதில்லை; வேலிதான் மேய்ப்பன். கோடையில் புல் காய்ந்தாலும் நின்றபடியே வைக்கோலாக இருக்கும். அதுவும் தீரும் சமயம் பார்த்து வெள்வேல மரம் நெற்றை உதிர்க்கும். ஆடுகள் அதைத் தின்று கொழுக்கும். தின்ற விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும்.

"மரத்தை நாங்க நடுறதில்லீங்க. ஆடு நடும்" என்றார்.

அடுத்த கொறங்காட்டைக் காட்டினார். அங்கே கிளுவை இல்லை. கல்லுக்கால் ஊன்றிக் கம்பி இழுத்திருந்தது. பிள்ளைகள் விற்றுவிட்டார்களாம். அதற்கப்பால் ஒரு நூல் மில்லின் கூரை பளபளத்தது. பொக்லைன் ஒரு பகலில் வேலியைப் பிடுங்கிற்றாம். இட்டேரி பாதி அந்தக் கம்பிக்குள் போயிற்றாம். மீதியில் தார் போடப் போகிறார்கள் என்று பேச்சு.

"தார் வந்தால் உங்களுக்கு நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"நல்லதுதானுங்க. போன வருஷம் சம்சாரத்துக்கு நெஞ்சுவலின்னு ஆம்புலன்சு வந்து மெயின் ரோட்டிலேயே நின்னு போச்சு. கட்டிலோட தூக்கிட்டுப் போனோம்."

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்பெயின் தேசத்தில் 'தெஹேசா' என்று ஒன்று உண்டு. ஓக் மரங்களும் புல்லும் கலந்த மேய்ச்சல் பூமி. வேலி போட்டுக் காத்த நிலம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. நம் கொறங்காட்டின் சகோதரி என்று சொல்லலாம். வெள்வேலத்துக்குப் பதில் ஓக், மாட்டோடு பன்றியும் சேர்த்தி. அங்கே 1273-ல் பத்தாம் அல்போன்ஸோ என்ற அரசன் ஆட்டுக்காரர்களின் சங்கத்துக்குச் சாசனம் கொடுத்தான். வடக்கிலிருந்து தெற்கே மந்தைகள் போக 75 மீட்டர் அகலத்தில் பாதைகள் ஏற்பட்டன. மந்தை குறைந்தபின் அவற்றையும் அக்கம்பக்கத்தார் அரித்துக்கொண்டுதான் வந்தார்கள். 1995-ல் சட்டம் போட்டு, இவை பொதுச் சொத்து, மந்தை போகாதபோது நடப்பவரும் சைக்கிள்காரரும் போகலாம் என்று விதித்தார்கள். வருஷத்தில் ஒரு நாள் மாட்ரிட் நகரின் நடுவீதியில் ஆட்டு மந்தை போகிறது. போலீஸ்காரர் மோட்டார்களை நிறுத்திவைக்கிறார்.

நம் கிராம வரைபடங்களிலும் வண்டிப்பாதை என்று கோடு போட்டிருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது. இட்டேரியை முழுக்கத் தாராக்குவதா, முழுக்க விழுங்குவதா என்ற இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு யோசனை ஏன் யாருக்கும் தோன்றுவதில்லை? ஊருக்கு ஒரு நல்ல ரோடு போடட்டும்; ஆம்புலன்ஸ் வாசல்வரை வரட்டும். மற்ற நாலு இட்டேரியையும் வேலியோடு விட்டுவைத்தால் யாருக்கு நஷ்டம்?

பஞ்சர் ஒட்டியாயிற்று. காசு கொடுக்க நான் கையை எடுத்ததும் பெரியவர் முகம் சுருங்கியது. மோர் கொடுத்தார். பிறகு நண்பருடைய சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். டயரை விரலால் அமுக்கினார். சீட்டைத் தட்டினார்.

"ஏனுங்க தம்பி, காரியரே இல்லீங்களே? இதுல எதைக் கொண்டு போவீங்க?"

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். பெரியவர் பதிலுக்குக் காத்திராமல் படலைத் திறந்துவிட்டு, அடுத்த பிரிவில் இடதுகைப் பக்கம் திரும்பச் சொன்னார். வலதுகைப் பக்கம் கம்பி போட்டு அடைத்தாயிற்றாம்.