சிடி ஏன் பூட் ஆகலை? அல்லது, ஒரு சின்னக் காளையின் கதை

போன மாசம் சிவகங்கைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். "மாப்ள, வரும்போது அந்தப் பழைய பெட்டிக்கு ஏதாச்சும் வைத்தியம் கொண்டா. கண்மாய் சமாச்சாரம் எல்லாம் அதுலதான் கிடக்கு"ன்னு போன்லயே சொல்லியிருந்தார்.

பழைய பெட்டின்னா, 2001-ல் மதுரையில பாகம் பாகமா வாங்கிக் கோத்த பென்டியம் 3. கண்மாய் சமாச்சாரம்னா, ரிட்டயர் ஆனதும் மாமா நாலு வருஷம் ஊர் ஊரா சைக்கிள்ல போய் பெரியவங்களைக் கேட்டு எழுதினது. எந்த மடைக்கு என்ன பேரு, எந்தக் கழுங்கை யார் காலத்துல கட்டினாங்க, எந்த வாய்க்கால் யார் வயல்ல போய் முடியுது.. இப்படி. சொன்னவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்லை. மாமாவுக்கும் பார்வை மங்கிப்போச்சு, திரும்ப எழுத முடியாது. வேற பிரதி? ஃப்ளாப்பியில எடுத்து வெச்சாராம். அதுல பூஞ்சை ஏறிடுச்சு.

பெட்டியை ஆன் பண்ணினா விண்டோஸ் பாதியில நிக்குது. ஹார்ட் டிஸ்க் உள்ளேயிருந்து 'டிக்.. டிக்..'னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டவங்களுக்குத் தெரியும், நமக்கு அதிக நேரம் இல்லை. டிஸ்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டலாமேன்னு கேப்பீங்க. அந்தப் பழைய ஐடிஇ டிஸ்கை மாட்ட என்கிட்ட கன்வர்ட்டர் இல்லை. கைவசம் இருந்தது, கிளம்பற அவசரத்துல வீட்டுல எழுதின ஒரு நாப்பிக்ஸ் சிடி. க்ளாஸ் நாப்பர்ங்கற ஜெர்மன்காரர் 2000-ல் ஆரம்பிச்சது. ஹார்ட் டிஸ்கைத் தொடாம, சிடியில இருந்தே லினக்ஸ் ஓடும். ஃபைல்களை பென் டிரைவுக்கு மாத்திக்கலாம். பழைய மெஷின்ங்கறதால பழைய 32 பிட் நாப்பிக்ஸாப் பாத்து எழுதியிருந்தேன்.

சிடியைப் போட்டேன். பூட் ஆகலை. ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆகலை. ஏன்னு ஒவ்வொண்ணா நோண்டினப்பதான், ஒவ்வொரு தடங்கலுக்குப் பின்னாடியும் ஒரு வருஷம் உக்காந்திருக்கறது புரிஞ்சுது.

1981: முதல் மரியாதை யாருக்கு?

டெலிட் கீயைத் தட்டிக்கிட்டே ஆன் பண்ணினா அந்த நீலத்திரை வரும், ஞாபகம் இருக்கா? பூட் வரிசையில ஃப்ளாப்பி முதல், ஹார்ட் டிஸ்க் ரெண்டாவது, சிடி மூணாவது. ஃப்ளாப்பி டிரைவ் செத்து ரொம்ப வருஷமாச்சு, இன்னமும் முதல் மரியாதை அதுக்குத்தான்!

இந்த வழக்கம் 1981 ஆகஸ்ட்ல வந்த ஐபிஎம் பிசியில ஆரம்பிச்சது. அதோட ரோம்ல மொத்தம் 40 கேபி. 8 கேபி பயாஸ், 32 கேபி பேசிக் மொழி. (பயாஸ்ங்கற பேரே ஐபிஎம்மோடது இல்லை. கேரி கில்டால் தன்னோட சிபி/எம் சிஸ்டத்துக்காக 1970-களில் வெச்ச பேரு.) ஆன் பண்ணினதும் ஃப்ளாப்பியோட முதல் செக்டார், வெறும் 512 பைட், அதை மெமரிக்கு எடுத்து ஓட்டும். ஃப்ளாப்பி இல்லையா, பேசிக் வந்து நிக்கும். அவ்வளவுதான் அதுக்குத் தெரிஞ்ச உலகம்.

1983-ல் வந்த எக்ஸ்டியில 10 எம்பி ஹார்ட் டிஸ்க் சேந்துச்சு. ஆனா வரிசையில அது ஃப்ளாப்பிக்கு அடுத்துதான். யோசிச்சா நியாயம்தான். புது டிஸ்க் காலியா இருக்கும், அதுல டாஸ் ஏத்தவே வெளியில இருந்து ஒண்ணு உள்ளே வரணும். உள்ளே கெட்டுப்போனாலும் காப்பாத்த வெளியில இருந்துதான் ஆள் வரணும். அப்புறம் காம்பேக், ஃபீனிக்ஸ் மாதிரி நிறுவனங்கள் ஐபிஎம் பயாஸைக் காப்பி அடிக்காம, அதே மாதிரி நடந்துக்கற சொந்த பயாஸ் எழுதினாங்க. வழக்கம் எல்லா வீட்டுக்கும் பரவிடுச்சு.

திறந்த கதவுன்னா திருடனும் வருவான்ல? 1986-ல் லாகூர்ல கடை வெச்சிருந்த ரெண்டு சகோதரர்கள் எழுதின 'பிரெய்ன்' வைரஸ், ஃப்ளாப்பியோட அந்த முதல் செக்டார்லயே குடியிருந்துச்சு. 1992 மார்ச் 6-ம் தேதியை நினைச்சு உலகமே நடுங்கின மைக்கேலாஞ்சலோவும் அதே வழிதான். டிரைவ்ல மறந்து விட்ட ஒரு ஃப்ளாப்பி போதும். அதனாலதான் பயாஸ்ல 'சி முதல், ஏ அப்புறம்'னு மாத்தி வைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க. வரிசையை மாத்தறது ஏதோ செட்டிங் இல்லைங்க, முதல்ல யாரை நம்பறதுன்னு எடுக்கற முடிவு.

சரி, நான் சிடியை முதல்ல வெச்சேன். சேவ் பண்ணினேன். ஒயரெல்லாம் சரியா இருக்கான்னு பாக்க, சுவர் சுவிட்சை அணைச்சுட்டுத் திரும்பப் போட்டேன். மறுபடியும் விண்டோஸ்! மறுபடியும் டிக் டிக்!

1984: ஞாபக மறதி

நீலத்திரைக்குத் திரும்பப் போனா, நான் மாத்தினது எதுவும் இல்லை. தேதி 2001 ஜனவரி. அங்கதான் மண்டையில உறைச்சுது.. பேட்டரி.

முதல் பிசியில செட்டிங்னு திரையே கிடையாது, போர்டுல இருக்கற குட்டி சுவிட்சுகளைத் தள்ளி வைக்கணும். 1984-ல் வந்த ஐபிஎம் ஏடியிலதான் கடிகாரமும் ஞாபகமும் சேந்த ஒரு சில்லு வந்துச்சு. மொத்தம் 64 பைட், அதுல 14 கடிகாரத்துக்கே போயிடும். மிச்சம் 50 பைட்லதான் இந்த மெஷின்ல என்னென்ன இருக்குன்னு எழுதி வைக்கணும். கரன்ட் போனாலும் மறக்காம இருக்க ஒரு பேட்டரி. வேடிக்கை என்னன்னா, அதை மாத்தற செட்டப் புரோகிராமே ஒரு ஃப்ளாப்பியிலதான் வந்துச்சு. அது ரோமுக்குள்ளே குடியேறினது பிற்பாடு.

மாமா வீட்டுல ராத்திரி எல்லா சுவிட்சையும் சுவர்லயே அணைச்சுடற பழக்கம். பிளக்ல கரன்ட் வந்துக்கிட்டே இருந்தா பேட்டரி செத்தாலும் செட்டிங் நிக்கும். சுவர்ல அணைச்சா அத்தனையும் போச்சு. பஜார்ல வாட்ச் கடையில ஒரு சிஆர்2032 வாங்கிப் போட்டதும் ஞாபகம் திரும்புச்சு. அதோட, ஹார்ட் டிஸ்குக்குப் போற கரன்ட் ஒயரையும் பிடுங்கிட்டேன். சிடி ஓடற வரைக்கும் அந்த நோயாளியைச் சுத்த விடவேண்டாம்னுதான்.

இப்ப வரிசை சரி, ஞாபகமும் சரி. ஆன் பண்ணினேன். சிஸ்டம் டிஸ்கைப் போட்டு என்டரைத் தட்டுன்னு திரையில வருது. அட, சிடி உள்ளேதானேப்பா இருக்கு!

1995: சின்னக் காளை

டிஸ்க் பிடுங்கினதுல ஒரு லாபம். வேற யாரும் ஆட்டத்துல இல்லை, ஆகவே குத்தம் சிடியிலயோ டிரைவ்லயோதான். ஆனா பயாஸுக்குத் தெரிஞ்சது ஃப்ளாப்பியோட 512 பைட் செக்டார் ஆச்சே, சிடியை அது எப்படிப் படிக்குது?

ரொம்ப நாள் படிக்கலைங்கறதுதான் உண்மை. சிடி செக்டார் 2048 பைட். 1988-ல் வந்த ஐஎஸ்ஓ 9660 தரத்துல ஃபைல்களை எப்படி அடுக்கறதுன்னு இருந்துச்சே தவிர, அதுல இருந்து பிசி எப்படி எழுந்திரிக்கணும்னு இல்லை. டாஸ் ஏறி, டிரைவர் ஏறி, அப்புறம்தான் சிடி கண்ணுக்கே தெரியும். விண்டோஸ் 95-ஐ காலி மெஷின்ல ஏத்தினவங்களைக் கேளுங்க. சிடி கையில இருந்தாலும் முதல்ல ஒரு பூட் ஃப்ளாப்பி தேடணும்.

1995 ஜனவரியில ஃபீனிக்ஸ்ல இருந்த கர்ட்டிஸ் ஸ்டீவன்ஸும் ஐபிஎம்ல இருந்த ஸ்டான் மெர்க்கினும் எழுதின ஒரு சின்ன ஆவணம் இதுக்கு வழி பண்ணுச்சு. பேரு எல் டோரிட்டோ. ஸ்பானிஷ்ல 'சின்னக் காளை'ன்னு அர்த்தம். கலிஃபோர்னியாவுல அதே பேர்ல மெக்சிகன் ஹோட்டல்கள் உண்டு. அதுல ஒண்ணுல சாப்பிட உக்காந்தப்ப பேசினதுதான் இதுன்னு ஒரு கர்ண பரம்பரைக் கதை.

விஷயம் எளிமை. சிடியோட 17-ம் செக்டார்ல (பூஜ்யத்துல இருந்து எண்ணணும்) 'எல் டோரிட்டோ'ன்னு ஒரு முத்திரை. பக்கத்துல, பூட் பட்டியல் எந்த செக்டார்ல இருக்குன்னு ஒரு எண். பயாஸ் அங்கே போய், பட்டியல்ல சொன்னதை எடுத்து ஓட்டும். பழைய சிஸ்டங்கள் மிரளக் கூடாதுன்னு ஒரு தந்திரமும் வெச்சாங்க. சிடிக்குள்ளே 1.44 எம்பி ஃப்ளாப்பியோட நகல் இருக்கும். பயாஸ் அதையே 'ஏ டிரைவ்'னு டாஸ் கிட்ட காட்டும். புதுசா வந்தவன் பழைய ஆளோட சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் உள்ளே நுழைஞ்சான்.

இப்ப என் சிடிக்கு வருவோம். லேப்டாப்ல போட்டுத் திறந்து பாத்தேன். உள்ளே ஒரே ஒரு ஃபைல், பேரோட கடைசியில ஐஎஸ்ஓ. தலையில அடிச்சுக்கிட்டேன். இமேஜை இமேஜா எழுதாம, சும்மா ஒரு ஃபைலா காப்பி பண்ணியிருக்கேன்! முத்திரையும் பட்டியலும் அந்த ஃபைலுக்குள்ளே பத்திரமா இருக்கு, சிடியோட 17-ம் செக்டார்ல இல்லை. கவருக்குள்ளே கவரை வெச்சு ஒட்டிட்டு, வெளிக் கவர்ல முகவரியே எழுதாம போஸ்ட் பண்ணின மாதிரி.

2011 வரைக்கும் உபுண்டுக்காரங்க ஓசியில சிடி அனுப்பினாங்களே, அப்ப ஊருக்கே இன்ஸ்டால் பண்ணிக் கொடுத்தவன் நான். 'இமேஜா எழுதணும்டா'ன்னு எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்! :-)

பையில இருந்த யூஎஸ்பி ரைட்டர்ல, காலி சிடியில, இந்த தடவை ஒழுங்கா இமேஜா எழுதினேன். ஒயரைத் திரும்ப மாட்டி ஆன் பண்ணினேன். திரையில பென்குவின்! மாமாவோட ஃபைல்கள் மொத்தம் நாப்பது எம்பி கூட இல்லை. பழைய யூஎஸ்பி, மெதுவாத்தான் போச்சு. அந்த ரெண்டு நிமிஷமும் நானும் மாமாவும் அத்தையும் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு மூச்சு விடாம நின்னோம். வந்துடுச்சு.

2012: நீ யாரு?

ஊருக்கு வந்ததும் அதே சிடியை என் லேப்டாப்ல பூட் பண்ணிப் பாத்தேன். மதிக்கவே இல்லை. இதுக்கும் ஒரு வருஷம் இருக்கு. இன்டெல் தன்னோட இட்டானியம் மெஷின்களுக்காக ஆரம்பிச்ச ஈஎஃப்ஐ, 2005-ல் யூஈஎஃப்ஐன்னு பொதுவாச்சு. இது 512 பைட்டைத் தேடாது, குறிப்பிட்ட ஃபோல்டர்ல ஒரு ஈஎஃப்ஐ ஃபைலைத் தேடும். பழைய நாப்பிக்ஸ்ல அது ஏது? 2012-ல் விண்டோஸ் 8 கூடவே செக்யூர் பூட்டும் பரவுச்சு. யார் முதல்ல வர்றதுன்னு கேட்டுக்கிட்டிருந்த மெஷின், உன் கையெழுத்தைக் காட்டுன்னும் கேக்க ஆரம்பிச்சுது. மைக்கேலாஞ்சலோ பயத்தோட பேரப்பிள்ளைதான் இது. நியாயம் இருக்கு. ஆனா கெட்டுப்போன வீட்டுக்குள்ளே காப்பாத்த வர்றவனும் அதே வாசல்லதான் நிக்கணும், மறந்துடக் கூடாது.

ஒண்ணு தெரியுமா? இன்னைக்கு டவுன்லோட் பண்ற உபுண்டு இமேஜ்லயும் அந்தச் சின்னக் காளை இருக்கு. அதே பூட் பட்டியல்ல பழைய பயாஸுக்கு ஒரு வரி, யூஈஎஃப்ஐக்கு ஒரு வரி.

மாமாவோட ஃபைல்கள் யூனிகோடுக்கு முந்தைய திஸ்கியில இருந்துச்சு. திறந்தா ஒரே கிறுக்கல். மாத்திட்டு, போன்ல மாமாவுக்கு முதல் பக்கத்தைப் படிச்சுக் காட்டினேன். "பெரிய மடை, நடு மடை, கடை மடை.."

"இரு மாப்ள. நடு மடை இல்ல, நடுவன் மடை. அப்பவே தப்பா அடிச்சுட்டேன். திருத்திடு."

திருத்திட்டேன். மூணு எடத்துல பிரதியும் எடுத்து வெச்சுட்டேன். உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு பெட்டி இருந்தா, டிக் டிக் கேக்கறதுக்கு முன்னாடியே இறக்கிடுங்க. சிடியை மறக்காம இமேஜா எழுதுங்க!