வத்திராயிருப்பு தந்த அணு அறிஞர்



தீபாவளி நெருங்கினால் நாம் பஸ் ஏறி மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகிறோம். துணிமணி எடுத்த பிறகு, பள்ளிக்கூடச் சுவரில் மாட்ட அறிவியலறிஞர் படங்களும் தேடுகிறோம். சர் சி. வி. இராமன் படம் கிடைக்கிறது. அவரோடு நின்று உழைத்த கே. எஸ். கிருஷ்ணன் படத்தைக் கேட்டால், "அவர் யார், சார்?" என்று கடைக்காரர் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடைதான் இன்றைய பேச்சு.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4ஆம் நாள், திருவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். தந்தையார் தமிழும் வடமொழியும் கற்ற விவசாயி. சிற்றூர்ப் பள்ளியில் தொடங்கிய படிப்பு மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் தொடர்ந்தது. பிறகு அதே சென்னைக் கல்லூரியில் அவர் வேலை பார்த்தபோது, பகலுணவு நேரத்தில் மாணவர்கள் எந்தச் சந்தேகத்தையும் வந்து கேட்கலாம் என்று இடம் கொடுத்தார். ஆசிரியர்களாகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

1920களில் அவர் கல்கத்தா சென்று இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே நடந்த சோதனையை எளிதாகப் பார்ப்போம். சூரிய ஒளியை ஊதாக் கண்ணாடி வழியாக வடிகட்டி, தூய்மையாக்கிய திரவத்துக்குள் பாய்ச்சினார்கள். பக்கவாட்டில் சிதறி வரும் ஊதா ஒளியைத் தடுக்க இன்னொரு நிறக் கண்ணாடியை வைத்தார்கள். அப்போது எல்லாம் இருட்டாக வேண்டும் அல்லவா? ஆனால் இருட்டறையில் கூர்ந்து பார்த்தவர்களின் கண்ணுக்கு மங்கலான ஒளி தெரிந்தது. அப்படியானால், ஊதா ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறியிருக்கிறது!

சுவரில் எறிந்த பந்து வேகம் குறைந்து திரும்பினால், சுவர் சற்று ஆடியிருக்கிறது என்று அறிகிறோம். அதுபோல, ஒளி மாறி வந்தால், திரவத்தின் மூலக்கூறுகள் துடிக்கின்றன என்று பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் அதன் துடிப்பு வேறு. ஆகவே மருந்தையும் இரத்தினக் கல்லையும்கூட இம்முறையால் இனம் காண்கிறார்கள்.

சுமார் 60 திரவங்களில் இதைச் சோதித்தார்கள். 1928 மார்ச் 31இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த கட்டுரையில் இராமன், கிருஷ்ணன் என்ற இரு பெயர்களும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு இராமனுக்குக் கிடைத்தது. விளைவும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

இங்கிலாந்திலும் இத்தகைய கதை உண்டு. அணுவின் நடுவே கரு உண்டென்று 1911இல் சொன்னவர் ரூதர்போர்டு. ஆனால் அதற்கு முன், 1909இல், மான்செஸ்டரில் இருட்டறையில் அமர்ந்து சிறுசிறு ஒளிப்பொறிகளைக் கண்ணால் எண்ணியவர்கள் கைகரும் இளம் மாணவர் மார்ஸ்டனும் ஆவர்.

கிருஷ்ணன் மனம் சோர்ந்து நின்றுவிடவில்லை. டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்து, அவற்றுக்குள் அணுக்கள் அமைந்துள்ள வகையை விளக்கினார். 1940இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1946இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1947இல் புதுடில்லி தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1948இல் அமைந்த இந்திய அணுசக்திக் குழுவில் பாபா, பட்நாகர் ஆகியோருடன் அவரும் உறுப்பினர். இத்தனைக்கும் நடுவே, தமிழில் அறிவியல் கட்டுரைகளும் எழுதினார். 1961 ஜூனில் மறைந்தார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! தமிழில் படித்தால் அறிவியல் வராது என்று யாராவது சொன்னால், வத்திராயிருப்புக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பால்மரம் வெட்டியவர்களும் செம்பனைக் குலை சுமந்தவர்களும் இந்த நாட்டை வளர்த்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. பெயர் விடுபடுவதன் வருத்தம் நமக்குத் தெரியும். ஆகவே இராமன் விளைவைச் சொல்லும்போது கிருஷ்ணன் பெயரையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்றிரவு ஒரு கிளாஸ் தண்ணீரில் இரண்டு துளி பால் விட்டு, டார்ச் விளக்கை அடித்துக் காட்டுங்கள். பக்கத்திலிருந்து பார்த்தால் இளநீலம். நேரெதிரே பார்த்தால் மஞ்சள் சாயல். இது இராமன் விளைவு அன்று, ஒளி சிதறுவதுதான். ஆனாலும், "ஏன் அப்படி?" என்று பிள்ளை கேட்டால், அதட்டாதீர்கள். அந்தக் கேள்வியோடு மறுநாள் பள்ளிக்கு அனுப்புங்கள், நாங்கள் காத்திருக்கிறோம்.